முருகன்@1985 ஒரு விநாடிகூடத் தாங்காது: நல்ல பாஸ்வேர்ட் எப்படி உருவாகிறது?

வணக்கம். 2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளம் திருடுபோனது. 3.2 கோடி பாஸ்வேர்டுகள், எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே வந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது எது தெரியுமா?

[திரையில்: 123456]

ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் இதைத்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் சுற்றுகிறது. திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தாலும் 1.4 கோடிக்கு மேல் அதில் இருக்கிறது. பாஸ்வேர்ட் உடைக்க உட்காருபவர்கள் முதலில் ஓடவிடுவது இப்படிப்பட்ட பட்டியல்களைத்தான்.

ஹேக்கர் நம் லாகின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலான தளங்கள் சில தவறுகளுக்குப் பிறகு தடுத்துவிடும். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தளத்தின் பாஸ்வேர்ட் கோப்பையே தூக்கிக்கொண்டு போய், தங்கள் கணினியில் வைத்து நிதானமாக உடைப்பார்கள். அங்கே தடுக்க யாரும் இல்லை.

ஒழுங்கான தளம் பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காது. ஹேஷ் என்ற கணக்கில் போட்டு, வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்ளும். விடையிலிருந்து பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் ஊகிக்கலாம். ஒரு சொல்லை அதே கணக்கில் போட்டு, விடை பொருந்துகிறதா என்று பார்ப்பது; இல்லையென்றால் அடுத்த சொல். எம்டி5 போன்ற பழைய ஹேஷாக இருந்தால், கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு ஆயிரம் கோடி ஊகங்களைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். பிகிரிப்ட் போன்ற, வேண்டுமென்றே மெதுவாக வைத்த கணக்காக இருந்தால் வேகம் படுத்துவிடும். ஆனால் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கடையோ செயலியோ எதைப் பயன்படுத்துகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மோசமான நிலையை வைத்தே கணக்குப் போடுவோம்.

[திரையில்: முருகன்@1985. ஆங்கில எழுத்துகளில் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்]

முதலில் பெரிய எழுத்து, நடுவே ஒரு குறி, கடைசியில் எண்கள். மொத்தம் 12 எழுத்து. பல தளங்கள் இதை 'ஸ்ட்ராங்' என்று ஏற்றுக்கொள்ளும். உடைப்பவர் பக்கம் வந்து பாருங்கள். பத்து லட்சம் பெயர்கள் உள்ள பட்டியல். முதல் எழுத்து பெரியதா சிறியதா, இரண்டு வழி. வழக்கமான பத்துக் குறிகள். நூறு ஆண்டுகள்.

[திரையில்: 10,00,000 × 2 × 10 × 100 = 200 கோடி]

விநாடிக்கு ஆயிரம் கோடி என்றால், கால் விநாடிக்குள் முடிந்துவிடும். எஸ் எழுத்துக்குப் பதில் டாலர் குறி போடுவது, ஓ-வுக்குப் பதில் சுழியம் போடுவது எல்லாம் அவர்களுடைய மென்பொருளில் ஏற்கெனவே விதியாக இருக்கிறது. குழந்தை பெயர், வண்டி நம்பர், பிடித்த நடிகர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பெரிய எழுத்து, குறி, எண் கலக்கும் இந்தப் பழக்கத்தை மக்கள் தலையில் கட்டியதில், தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2003 வாக்கில் தந்த வழிகாட்டுதலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார். 2017-இல் நிஸ்டே நிலையை மாற்றிக்கொண்டது: குறியும் எண்ணும் கலக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டா என்று சோதியுங்கள் என்றது. ஆனாலும் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே என்ன நடக்கும்? சென்னை@1, சென்னை@2 ஆகும். இதனால் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் வரப்போவதில்லை.

சரி, எதுதான் தாங்கும்? உங்கள் மனம் தேர்ந்தெடுக்காத ஒன்று. தாயம் ஆடும் பகடை போதும், ஆறு முகம் உள்ளதாக இருக்கட்டும். டைஸ்வேர் என்ற இந்த முறையை 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் தந்தார்.

[திரையில்: பகடை ஐந்து முறை உருள்கிறது: 4, 1, 6, 2, 5]

ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்திலக்க எண். அந்த எண்ணுக்கு எதிரே பட்டியலில் ஒரு சொல் இருக்கும். மொத்தம் 7,776 சொற்கள். இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆங்கிலப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. இப்படி ஆறு சொற்கள் எடுத்துச் சேருங்கள், அதுதான் பாஸ்வேர்ட். உடைப்பவர் கையில் அதே பட்டியல் இருந்தாலும், நீங்கள் பகடைதான் உருட்டினீர்கள் என்று தெரிந்தாலும், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க நம் ஆயிரம் கோடி வேகத்தில் சுமார் 7 லட்சம் ஆண்டுகள் ஆகும். நான்கே சொற்கள் என்றால் நாலைந்து நாள்தான். ஒவ்வொரு சொல்லும் அவ்வளவு கனம்.

சொல் பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள். பாட்டு வரியோ பழமொழியோ போடாதீர்கள். அது பகடை தந்தது இல்லை. நீங்களே தமிழ்ச் சொற்களில் ஒரு பட்டியல் தயாரித்தால் ஒரு சங்கடம் உண்டு. வாழை, நத்தை போன்றவற்றை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்று மாதம் கழித்து, ழகரத்துக்கு எந்த எழுத்துப் போட்டோம் என்றே நினைவிருக்காது. பட்டியலிலேயே எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவது. கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வேறு தளத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டையே வேலைக்கும் வைத்திருந்தார். 2012-இல் அதன் வழியாக உள்ளே புகுந்தார்கள். 2016-இல் 6.8 கோடிக் கணக்குகளின் விவரம் வெளியே வந்தது.

ஆனால் ஐம்பது தளத்துக்கு ஐம்பது பாஸ்வேர்டை யாரால் நினைவு வைக்க முடியும்? முடியாது, முயலவும் வேண்டாம். பிட்வார்டன், கீபாஸ் போன்ற பாஸ்வேர்ட் மேனேஜர் ஒவ்வொரு தளத்துக்கும் கன்னாபின்னாவென்று ஒன்றை உருவாக்கித் தானே வைத்துக்கொள்ளும். ஆறு சொல் பாஸ்வேர்ட் அதைத் திறக்க ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' என்று அழுத்தினால் எல்லாத் தளமும் மின்னஞ்சலுக்குத்தானே வரும்? அதனால் இன்று ஒன்றை மட்டும் மாற்றுவதாக இருந்தால் அதை மாற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும், அதாவது பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்கும் வசதியையும், போட்டுவிடுங்கள். யாராவது போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்டால், நீங்கள் சொல்லிவிட்டால், இவ்வளவும் வீண்.

அப்பா அம்மாவுக்கு மேனேஜர் ஒத்துவராது என்றால் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை உடைப்பவரால் அந்த பீரோவைத் திறக்க முடியாது. போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள்.