வலைக் கண்ணைத் தீர்மானிப்பது யார்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்வி மூன்று நாளாக மனதிலேயே கிடக்கிறது. திருச்சியில் எம்.பி.ஏ. நிதி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மீன்பிடித் தொழில் அழியாமல் நீடிக்க நிதித்துறை என்ன செய்ய முடியும்? நீலப் பத்திரம் என்கிறார்களே, அது என்ன?"

சரி, நீலப் பத்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலையும் மீன்வளத்தையும் காக்கும் வேலைக்கென்று முதலீட்டாளர்களிடம் கடன் வாங்க வெளியிடும் பத்திரம் அது. 2018-ல் செஷல்ஸ் நாடு வெளியிட்டதுதான் உலகின் முதல் அரசு நீலப் பத்திரம். 1.5 கோடி டாலர், 10 வருடத்தில் திருப்ப வேண்டும். வட்டி 6.5 சதவீதம். உலக வங்கியின் உத்தரவாதமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சலுகைக் கடனும் சேர்ந்ததால் அரசுக்கு அது 2.8 சதவீதம் அளவுக்கு இறங்கியது. பணம் கடல் காப்புப் பகுதிகளுக்கும் மீன்வள நிர்வாகத்துக்கும் போனது. நல்ல வேலை.

ஆனால் தம்பி, நம் கரைக்கு வாருங்கள். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், மீன்பிடித் தடைக்காலம் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். வலைக் கண்ணின், அதாவது வலையில் இருக்கும் துளையின், அளவைச் சட்டம் எழுதுகிறது, கடன் தீர்மானிக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு விசைப்படகுக்கார அண்ணனோடு உட்கார்ந்திருந்தேன். இழுவலை மடியின், அதாவது மீன் வந்து சேரும் கடைசிப் பையின், கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அவர் வலையிலும் வெளியே அந்த அளவுதான். மடியைப் புரட்டிக் காட்டினார். உள்ளே இன்னொரு வலையை வைத்துத் தைத்திருந்தார், என் சுண்டுவிரல் நுழையவில்லை. பக்கத்தில் ஒரு குவியல் கிடந்தது. விரல் நீளம்கூட வளராத சங்கரா மீன் குஞ்சும் காரல் மீனும். எல்லாம் கோழித் தீவனத்துக்கு, கிலோ கணக்கில்.

"ஏன் அண்ணே?" என்றேன். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நோட்டை எடுத்தார். ஒரு பக்கம் தரகர் கொடுத்த முன்பணம், மறுபக்கம் படகுக் கடன் தவணை. "அஞ்சாந்தேதி வந்துருதே தம்பி" என்றார். கடலில் பாடு, அதாவது மீன் வரத்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும் அஞ்சாம் தேதி வரும். அந்தக் குஞ்சுகள் பிடிபட்டது அந்தத் தேதிக்காக. அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தரகர் முன்பணம் வேறு விதம். அவர் அசலைக் கேட்டு நெருக்க மாட்டார். மீனை வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் விலையும் அவர் சொல்வதுதான்.

2017-ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுத் திட்டம் வந்தது. படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீனவர் 10, மீதி 20 வங்கிக் கடன். இரண்டாயிரம் படகு என்று தொடங்கி, அதில் சிறு பங்குதான் கடலில் இறங்கியது. மானியம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர், வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போட வேண்டும். அதற்கான டீசல், ஐஸ், ஆள் கூலி? படகுக்குக் கடன் கிடைத்தவர் பயணச் செலவுக்கு மறுபடியும் தரகர் வாசலில் நிற்க வேண்டியிருந்தால், பழைய கணக்குத்தானே தொடரும்?

அதனால் எவ்வளவு பணம் என்பதைவிட, எப்படித் திருப்பிக் கட்டுவது என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். அதற்கு விடை குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. 1970களில் முட்டம் பக்கம் மீனவர்கள் சங்கம் அமைத்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஜேம்ஸ் தோம்பர் பாதிரியார் கூட நின்றார். மீனைச் சங்கமே ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, மீதி கையில். பாடு கூடினால் பிடித்தம் கூடும், பாடு இல்லாத நாளில் பிடித்தமே இல்லை. காற்று மாறிக் கடல் கொந்தளித்தால் கரையிலேயே இருக்கலாம், கடன் துரத்தாது. பிறகு இப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்துதான் சிஃப்ஸ் என்கிற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வந்தது.

மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தவணை பாட்டோடு கூடிக் குறைந்தால், அந்த அண்ணன் உள் வலையைப் பிரித்துப் போட முடியும். சங்கராக் குஞ்சு இன்னும் சில மாதம் வளரும். கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஒரு வங்கி கடன் கொடுக்கும்போதும், மடியின் கண்ணை யார் எப்போது பார்ப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதலாமே. வட்டியை அதோடு கட்டிப் போடலாமே.

தம்பி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஏதாவது ஒரு வங்கிக் கிளையில் படகுக் கடன் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்துக்கும் அட்டவணையில் தொகை போட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த பதிவில் அதை வைத்தே பேசுவோம்.