பூட்டிய வீடும் முற்றத்து உரலும்

வணக்கம். உத்தராகண்ட் மலைகளில் ஆளில்லாமல் போன ஊர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்ரிநாத், கேதார்நாத் போன நேயர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். எதிர்ச்சரிவில் பலகைக்கல் வேய்ந்த கூரைகள் தெரியும், ஒன்றிலும் அடுப்புப் புகை இராது.

2011 கணக்கெடுப்பிலேயே அங்கே ஆளில்லாத கிராமங்கள் ஆயிரத்துக்கு மேல். அதன் பிறகு இன்னும் 734 காலியானதாக மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் சொன்னது. சரி, எண்களை விடுங்கள்.

எனக்கு வீடுகளைப் பார்க்கத்தான் ஆசை. கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதருக்கு. பனிக்காலத்தில் மாட்டின் சூடு மேலே ஏறி வரும். இடிந்த ஊருக்குள் போனால் நான் முதலில் தேடுவது தொழுவத்தைத்தான். அங்கே கண்டாலிச் செடி அடர்ந்து நிற்கும். நம் காஞ்சொறி மாதிரி, பட்டால் தீயாய் எரியும். (அதன் தளிரைக் கீரையாகச் சமைத்தும் சாப்பிடுவார்கள், வெந்தால் அரிப்புப் போய்விடும்.) சாணமும் கோமியமும் ஊறிய மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். ஆட்கள் போய்ப் பல வருடம் ஆனாலும் மாடு நின்ற இடத்தை அது காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் உரல். முற்றத்துக் கல்லிலேயே குழி வெட்டியிருப்பார்கள். உள்ளே விரலை ஓட்டினால் வழுக்கும். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் குத்திய குத்து. நான் எங்கே போனாலும் சொல்வது இதுதான்: ஆண்கள் பட்டாளத்துக்கும் டெல்லி ஓட்டல்களுக்கும் போனபோது இந்த ஊர்கள் காலியாகவில்லை. மணியார்டர் வந்தது, வயல், விறகு, தண்ணீர், மாடு எல்லாவற்றையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களும் டேராடூன், ஹல்த்வானி என்று இறங்கிய பிறகுதான் கதவுகளில் பூட்டு விழுந்தது. மறுபடியும் சொல்கிறேன், ஆண்கள் போனதால் அல்ல, பெண்கள் போனதால். அவர்களைக் குறை சொல்லவில்லை. பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலோடு தூக்கி ரோட்டுக்கு இறக்க வேண்டிய ஊரில் நீங்களும் நானும் இருப்போமா?

படிக்கட்டு வயல்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: ஒரு தடுப்புச் சுவர் சரிந்து, எடுத்துக் கட்ட ஆளில்லை என்றால் மழை மண்ணை அரித்துக்கொண்டு போகும், புதரில் பெருகும் காட்டுப்பன்றி பக்கத்து ஊர் விளைச்சலிலும் கைவைக்கும். குலதெய்வப் பூசைக்குக் கோடையில் திரும்பி வருகிற குடும்பங்கள் உண்டு. அதனால் அந்தப் பக்கம் போனால், கைவிட்ட வீடுதானே என்று செதுக்கிய மரத்தூணில் கைவைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வணக்கம்.