நடந்த வழி நம் வழியா?

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த மண்டபத்தில் பாதிப் பேர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய சடக்கிலிருந்து (சாலையிலிருந்து) ஆற்றங்கரை முனியாண்டி கோயிலுக்குப் போகும் செம்மண் வழியில் தோட்ட நிர்வாகத்தார் இரும்பு கேட் போட்டிருக்கிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். புதுச் சங்கிலி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. ஓரத்தில் ஆள் நுழையும் சந்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த மட்டை முள் எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஓர் அம்மா, எழுபதைத் தாண்டியவர், கேட்டுக்கு வெளியிலேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். இளவயதில் காண்டாவில், அந்தத் தோள்கம்பில், ரப்பர் பால் வாளி சுமந்து அவர் தினமும் நடந்த வழி அது.

"அறுபது வருஷமா நடக்கிறோம், இது எங்க பாதை" என்கிறோம். நியாயமான பேச்சுதான். ஆனால் சட்டத்தில் அது நிற்காது. தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, அடுத்தவர் நிலத்தில் எத்தனை காலம் நடந்தாலும் அந்தப் பழக்கம் மட்டும் உரிமையாகிவிடாது. இதை நம்மில் பலர் கேட் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். எனக்கு அது பெரிய வேதனை.

நம் தோட்டங்களை ஆண்ட துரைமாரின் ஊரில் கதை வேறு. இங்கிலாந்தில் ஒரு வழியில் மக்கள் 20 வருஷம் ஒளிவுமறைவில்லாமல், தடையில்லாமல் நடந்திருந்தால், உரிமையாளர் மறுத்ததற்குச் சான்று இல்லாதவரை அது பொதுவழிதான் என்று 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அங்கேயும் யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் சில நூறு பேர் ஏறி நடந்தார்கள். முன்னால் நின்ற பென்னி ரோத்மனுக்கு 20 வயது, மெக்கானிக் வேலை. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் காற்று வாங்கி நடக்க ஆசைப்பட்ட கூலிக்காரர்கள்! அப்புறம்தான் 1949லும் 2000லும் இப்படி நடக்க வழிவிடும் சட்டங்கள் வந்தன. ஸ்காட்லாந்து 2003இல் இன்னும் தாராளமாகத் திறந்துவிட்டது: வீட்டு முற்றத்தையும் பயிர் வளரும் வயலையும் விட்டு, மற்ற பெரும்பாலான இடங்களில் பொறுப்போடு நடக்கலாம்.

சரி, தோட்ட நிர்வாகத்தின் கவலையையும் சொல்லத்தான் வேண்டும். குலை திருட்டு நடக்கிறது. குலை வெட்டும்போது மரத்தடியில் ஆள் நடந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்தடிக்கும் நாளில் குழந்தைகள் அந்தப் பக்கம் போகவே கூடாது. இதெல்லாம் உண்மை. ஆனால் லாரியை நிறுத்தும் கேட் ஒரு பாட்டியையும் நிறுத்த வேண்டியதில்லையே. ஆள் மட்டும் நுழையும் சின்ன வழி விடலாம், வெட்டு நாளை எழுதி மாட்டலாம்.

நம் சட்டத்திலும் ஒரு கதவு இருக்கிறது. தனியார் நிலத்தின் ஊடே பொதுவழி ஏற்படுத்த நில நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பகுதியைக் கவனமாகப் படித்தேன். அது பேசுவது சடக்கு, ஆறு, கடற்கரை, ரயில் நிலையம் இவற்றுக்குப் போகும் வழியைப் பற்றி. கோயில் என்ற சொல்லே அங்கு இல்லை. ஆனால் நம் முனியாண்டி உட்கார்ந்திருப்பது ஆற்றங்கரையில்! அதனால் மனுவில் சடக்கிலிருந்து ஆற்றுக்கு வழி கேட்போம். உரிமையாளருக்கு நஷ்ட ஈடு உண்டு என்பதால் நாம் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை.

பெஜாபாட் தானாவுக்கு, அதாவது நில அலுவலகத்துக்கு, வெறும் கோபத்தோடு போனால் பயனில்லை. வழி எங்கே தொடங்குகிறது, எந்தத் தீம்பாரை (தோட்டப் பகுதியை) தாண்டுகிறது, எந்தப் பாலத்தில் திரும்புகிறது என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். பால்மரம் இருந்த காலத்து அடையாளங்கள் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். வரும் ஞாயிறு மத்தியானம் இதே மண்டபத்துக்கு வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் வரைகிறேன்.