அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார்

எல்லோருக்கும் வணக்கம்.

மனநலக் காப்பகத்தில் பல வருடம் இருந்து அங்கேயே இறந்துபோன ஒருவரைப் பற்றி அவர் குடும்பத்தில் என்ன ஞாபகம் மிஞ்சும்? ரொம்பக் கொஞ்சம்தான். அதுவும் காலப்போக்கில் தானாக மறந்துபோனதல்ல, வீட்டார் பார்த்துப் பார்த்து மறைத்தது.

என் அப்பாவுக்கு ஒரு அக்கா. முதல் பிரசவத்துக்கு அப்புறம் புத்தி பேதலித்தது என்று கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்படி ஓர் அத்தை இருந்ததே பேரப்பிள்ளைகளான எங்களுக்குத் தெரியாது. பாட்டி காலமான பிறகு அவர் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. அத்தை எழுதியது. கோணல் இல்லாத, நிதானமான கையெழுத்து. "என் மூக்குக் கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், படிக்க முடியவில்லை. எப்போது கூட்டிப்போக வருவீர்கள்?" இவ்வளவுதான். கண்ணாடி போனதா என்று சொல்ல இன்று யாரும் இல்லை.

அந்தக் காலத்துக் குடும்பங்களை நான் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்ததே 1952-இல்தான். அதற்கு மூன்று வருடம் முன்பு, மூளையில் கத்தி வைக்கும் லோபோடமி சிகிச்சைக்காக ஏகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கொடுத்திருந்தார்கள். மருத்துவ உலகமே அப்படித் தடுமாறிய நேரத்தில் வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் மருந்து வந்து, உடம்பு தேறி, "கூட்டிப்போகலாம்" என்று சொன்ன பிறகும் பலரை அழைத்துப்போக ஆள் வரவில்லை. மற்ற பெண்களின் கல்யாணம் தடைப்படும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நியூயார்க் மாநிலத்தில் வில்லார்ட் மனநல மருத்துவமனையை 1995-இல் மூடியபோது பரணில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. சேர வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தவை. உள்ளே துணிமணி, கடிதங்கள், குடும்பப் புகைப்படங்கள். திரும்பிப் போவோம் என்று நம்பி அடுக்கியவை. பெட்டிக்கு உரியவர்களில் பலர் அங்கேயே முடிந்துபோனார்கள்.

இத்தாலி 1978-இல் சட்டம் போட்டு, இப்படிப்பட்ட காப்பகங்களில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தியது. அதற்குப் போராடியவர் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர். கதவைத் திறக்க ஒரு சட்டம் போதும். வீட்டில் வாயைத் திறக்க நாம்தான் வேண்டும்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்திருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். "என்ன வியாதி?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதும்தான் பெரியப்பா வாய் திறந்தார். அத்தை கணக்கில் புலி என்றும், தம்பிகளின் வீட்டுப்பாடத்தை எல்லாம் அவர்தான் போட்டுக்கொடுப்பார் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது.