வெடித்தால் வெடிக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மரவேலை தெரிந்த யாரிடமாவது பச்சை மரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். "காயட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். கதவு, நிலை செய்கிற ஆசாரிக்கும் சரி, சாமி வாகனம் செதுக்குகிறவருக்கும் சரி, மரம் வெடிப்பதும் நெளிவதும் ஆகாத காரியம். டேவிட் நாஷ் என்ற ஆங்கிலேயச் சிற்பி, அந்த வெடிப்பையும் நெளிவையும் நம்பியே ஐம்பது ஆண்டு காலம் பிழைத்திருக்கிறார்.

1945-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். கிங்ஸ்டனில் கலைக் கல்லூரிப் படிப்பு. 1967-ல் வேல்ஸின் வடக்கே பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்ற ஊருக்குக் குடிபோனார். ஸ்லேட் கல் வெட்டி எடுத்த ஊர் அது. திரும்பிய பக்கமெல்லாம் கழிவுக் கல் குவியல், ஓயாத மழை. கல் தொழில் படுத்துவிட்டதால் கட்டடங்கள் மலிவாகக் கிடைத்தன. மறு வருடமே ஒரு பழைய தேவாலயத்தை வாங்கிப் பட்டறையாக்கிக்கொண்டார்.

1970 வாக்கில் பச்சை மரத்தைக் கோடாலியால் கொத்தி ஒன்பது உருண்டைகள் செய்தார். காயக் காய அவை வாய் பிளந்தன. வேறொருவர் என்றால் அடுப்புக்கு ஒதுக்கியிருப்பார். இவரோ 'வெடித்த ஒன்பது பந்துகள்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

ஈரம் வற்றும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் உருட்டு மரம் நடுவை நோக்கிப் பிளக்கிறது. நாஷின் தூண்களில் இந்தக் கணக்குதான் வேலை செய்கிறது. அடிமரத்தில் பக்கவாட்டாக, சங்கிலி ரம்பத்தால் நெருக்க நெருக்கமாக வெட்டிக்கொண்டே போவார். நடுத்தண்டை மட்டும் விட்டுவைப்பார். வெட்டி முடித்த அன்று தட்டுகளை அடுக்கியதுபோல ஒழுங்காக நிற்கும். பிறகு காய ஆரம்பித்ததும் ஒவ்வொரு தட்டும் வெயிலில் போட்ட அப்பளமாக ஓரம் தூக்கும், கீறும், திருகிக்கொள்ளும். எது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மரம் தீர்மானிக்கும். சிற்பி ரம்பத்தைக் கீழே வைத்த பிறகுதான் சிற்பத்தின் பாதி வேலையே நடக்கிறது.

அவர் மரத்தை நெருப்பால் கரியாக்கியும் சிற்பம் செய்கிறார். கருத்துவிட்டால் மரம் என்பது மறைந்து உருவம் முன்னே வரும் என்பது அவர் எண்ணம். அது உண்மைதான். ஆனால் கண்காட்சிக் கூடத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும் அந்தக் கறுப்பு உருவங்கள் எனக்குக் கொஞ்சம் அலங்காரமாகப் படுகின்றன. வெடித்த மரமே எனக்குப் போதும்.

சிற்பத்துக்காக நல்ல மரத்தை அவர் சாய்ப்பதில்லை. காற்றில் விழுந்தது, நோய் கண்டது, எப்படியும் வெட்டியாக வேண்டியது, இவைதான் அவருக்கு. 1978-ல் அப்படி ஒரு ஓக் மரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் குறுக்களவில் பெரிய உருண்டை ஒன்றை வெட்டினார். பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும்; கனமோ கனம். பக்கத்து ஓடையில் உருட்டிவிட்டால் தண்ணீர் இழுத்து வரும் என்று பார்த்தார். அது பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. சரி, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் அதைக் கண்காணிப்பதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அவரும் படம் வரைந்தார், புகைப்படம் எடுத்தார், திரைப்படமாகவும் பதிவு செய்தார். 2003-ல் அது டூயிரிட் ஆற்றின் கழிமுகத்துக்குப் போய், அலையேற்றத்தில் இங்கும் அங்கும் அலைந்து, காணாமல் போனது. பத்து வருடம் கழித்து 2013-ல் திரும்பவும் கண்ணில் பட்டது! விற்க முடியாத சிற்பம்தான். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அந்த உருண்டையை வெட்டுவதற்கு ஒரு வருடம் முன்பு, 1977-ல், 22 ஆஷ் மரக்கன்றுகளை வட்டமாக நட்டிருந்தார். அணு ஆயுதப் பயம் பிடித்து ஆட்டிய காலம். இருபத்தோராம் நூற்றாண்டு வருமா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். அந்த நூற்றாண்டுக்காகவே இதை நட்டார். வேலி கட்டுகிற வேல்ஸ் விவசாயிகள் செடியில் அரைகுறையாக வெட்டி வளைப்பார்கள். அதே முறையில் தண்டுகளில் வெட்டுப் போட்டு, எல்லாவற்றையும் உள்பக்கமாக வளைத்து, கூரை மாதிரி எழுப்பினார். மரம் வளர வளர அதற்குப் பல வருடங்கள் பிடித்தன.

அவர் கணக்கில் இல்லாத ஒன்றும் வந்தது. ஐரோப்பா முழுக்க ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் இந்த வட்டத்தையும் பிடித்துக்கொண்டது. அவர் மரங்களை அப்புறப்படுத்தவில்லை. 2019-ல் சுற்றிலும் 22 ஓக் கன்றுகளை நட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது; ஓக்கோ மெதுவாக வளரும் மரம்.

வேல்ஸ் பக்கம் போகிற நேயர்கள் அந்த மரவட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். இடம் எது என்று அவர் பொதுவில் சொல்வதில்லை. வரைபடங்களும் புகைப்படங்களும் நிறையவே கிடைக்கின்றன, அவற்றைப் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.