கடைசி ஆறு வாரம்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் ஆண்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஓஆர்டி மூட் என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டாயத் தேசிய சேவையில், ஓஆர்டி என்ற முடிவு நாள் நெருங்கும் கடைசி மாதம் வந்ததும் பையன் மிச்சமிருக்கும் லீவை எல்லாம் கிளியர் பண்ணுவான், வேலையை அடுத்தவனிடம் ஒப்படைப்பான், முகாமுக்குப் போனாலும் மனசு வீட்டில்தான் இருக்கும். ஈராண்டு உழைத்த பிள்ளை, போகட்டும் என்று நாமும் விட்டுவிடுவோம். நான் இன்று பேச வந்தது இன்னொரு ஈராண்டைப் பற்றி. அதில் கிளியர் பண்ண லீவே கிடையாது.

எங்கள் குடும்பம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தது. மார்மன் என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டிரண்டு பேராகப் போகும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள்தான் எங்கள் ஊழியக்காரர்கள், வீடு வீடாகப் போய் எங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள். பையன்களுக்கு ஈராண்டு, பெண்பிள்ளைகளுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, தங்கள் செலவுக்கு அவர்களும் குடும்பமும்தான் பணம் போட வேண்டும். என் மகன் தேசிய சேவையை முடித்த கையோடு பிலிப்பீன்ஸில் செபு தீவுக்குப் போனான். இப்போது அவனுக்குக் கடைசி ஆறு வாரம் தொடங்கியிருக்கிறது. ஏன் ஆறு வாரம் என்றால், மிஷனில், அதாவது இந்த ஊழியத்தில், காலத்தை அப்படித்தான் கணக்குப் பண்ணுவார்கள். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், ஊர் மாறலாம், கூட இருக்கும் துணை ஊழியரும் மாறலாம்.

இந்த ஆறு வாரத்தில் பிள்ளைகளுக்கு மனசு பெட்டி கட்டிவிடும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அது சோம்பேறித்தனமே இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொதுவாக முடிவு நெருங்க நெருங்க மனிதருக்கு வேகம் கூடத்தான் செய்யும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து காப்பி வாங்கினால் ஒன்று இலவசம் என்று அட்டை கொடுத்தபோது, அட்டை நிரம்ப நிரம்ப ஆட்கள் இன்னும் சீக்கிரம் சீக்கிரமாகக் காப்பி வாங்க வந்தார்களாம். அப்படியென்றால் ஊழியத்தின் கடைசி வாரங்களில் மட்டும் ஏன் கால் பின்னுகிறது? காப்பி அட்டை நாம் வாங்கினால்தான் நிரம்பும், ஊழியத்தின் கடைசித் தேதியோ நாம் உழைத்தாலும் வரும், படுத்துக் கிடந்தாலும் வரும். விமான டிக்கெட் கைக்கு வந்த பிறகு, இன்றைக்கு வெயிலில் ஐந்து வீடு ஏறி இறங்கினாலும் வீடு ஒரு நாள் முன்னால் வந்துவிடாது. ஆக, தேதியைப் பார்த்துக்கொண்டே உழைக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையாலும் முடியாது. நாம் கைவைத்தால்தான் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது என்ற காரியம் ஒன்று அவனுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. முதலில் அந்தத் துணை ஊழியர். ஊழியத்தில் யாரும் தனியாகப் போவதில்லை, எங்கேயும் இரண்டு பேர்தான். என் மகனோடு இப்போது இருக்கும் தம்பி வந்து சில வாரம்தான் ஆகிறது, இன்னும் செபுவானோ மொழி வாயில் வரவில்லை. அங்கே ஒரு வீட்டு வாசலுக்குப் போனால் "ஆயோ" என்று குரல் கொடுக்க வேண்டும், அந்தத் தம்பிக்கு அதற்கே கூச்சம். இவன் என்ன செய்கிறான் என்றால், வாசலில் வேண்டுமென்றே ஓரடி பின்னால் நின்றுகொள்கிறான். அந்தத் தம்பி கூப்பிடட்டும், அவனே முதல் நாலு வாக்கியம் பேசட்டும், திக்கட்டும், உள்ளே இருக்கும் அம்மா சிரிக்கட்டும், பரவாயில்லை. "நானே பேசினா சீக்கிரம் முடிஞ்சிரும்மா, ஆனா நான் போன பிறகு இவன்தானே பேசணும்" என்றான். இவன் வீடு திரும்பும் களைப்பில் இழுத்துப்போட்ட நாட்கள் அந்தத் தம்பிக்கு ஊழியம் என்றாலே இப்படித்தான் என்று பதிந்துவிடும், அதைத் தூக்கிக்கொண்டு அவன் இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

அடுத்தது, பதிவுகள். யாரை எங்கே பார்த்தோம், என்ன பேசினோம் என்று ஊழியக்காரர்கள் எழுதி வைப்பார்கள், அடுத்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தொடர வேண்டும். என்னைக் கேட்டால் கடைசி வாரங்களின் மிகப் பெரிய வேலை இதுதான். "ஆர்வமாக இருக்கிறார்" என்று இரண்டு சொல்லில் எழுதினால் யாருக்கு என்ன பயன்? என் மகன் போன வாரம் எழுதியதை எனக்குச் சொன்னான், ஆள் பெயர் இல்லாமல்தான் சொன்னான்: பாட்டிக்கு வலது காது கேட்காது, இடது பக்கம் உட்காருங்கள், பேரன் பள்ளியிலிருந்து வந்த பிறகு போனால் பாட்டி பேசமாட்டார், மகன் துபாயில் இருக்கிறார், அவரைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். இப்படி எழுத வேண்டுமென்றால் அந்தப் பாட்டியை இன்னொரு தடவை கவனித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? போய்ப் பார்த்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். விடைபெறும் சந்திப்புகள். பழகிய வீடுகளுக்கெல்லாம் ஒரு தடவை போய்ச் சாப்பிட்டு, படம் எடுத்து, அழுது, கட்டிப்பிடித்து வருவது. மனசுக்கு இதம்தான், ஆனால் விட்டால் மூன்று வாரத்தை அதுவே விழுங்கிவிடும், வேலை செய்த மாதிரியும் தோன்றும். அதை, வாரத்தில் சொந்த வேலைகளுக்கு என்று விட்டிருக்கும் நாளில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மற்ற நாட்கள் இன்னும் பார்க்காத ஆட்களுக்கு. உனக்கு அது கடைசி வாரமாக இருக்கலாம், கதவைத் திறக்கிறவருக்கு நீதான் முதல் ஊழியக்காரன்.

ஆனால் எல்லாப் பிள்ளையும் வீட்டு ஆசையில் தளர்வதில்லை. சிலர் வீட்டை நினைத்துப் பயந்து தளர்கிறார்கள், இதை நாம் பேசுவதே இல்லை. நம் பையன்களுக்குத் தேசிய சேவை ஈராண்டு, ஊழியம் ஈராண்டு. கூடப் படித்த பெண்பிள்ளைகள் பட்டம் வாங்கி வேலைக்கே போயிருப்பார்கள். திரும்பி வந்தால் சித்தி, மாமா எல்லாரும் எப்போது யூனி முடிப்பாய் என்றுதான் கேட்பார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க சபையே ஒரு இணையப் பாடம் வைத்திருக்கிறது, அதை ஒதுக்கிய நேரத்தில் செய்தால் போதும். மற்றபடி படிவங்கள், விண்ணப்பத் தேதிகள், இதையெல்லாம் என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். "அது அப்பா வேலை, நீ உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டார். அப்புறம், தூக்கமே வரவில்லை, சாப்பிட முடியவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதற்கு ஊக்கப் பேச்சு மருந்தாகாது. அங்கே ஊழியக்காரர்களுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் உடனே சொல்ல வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, வீட்டில் இருக்கிற நமக்கு. 2019க்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் ஊழியக்காரர்கள் வீட்டோடு பேச முடியும். இப்போது வாராவாரம் பேசலாம், செபுவுக்கும் நமக்கும் ஒரே நேரம் வேறு, வசதிதான். அந்த வசதியைக் கொண்டே பிள்ளையின் மனசை நாம் கலைத்துவிடலாம். எந்த பிளைட், என்ன சமைக்கட்டும், உன் அறைக்குப் பெயின்ட் அடிக்கவா என்று வாராவாரம் கேட்டால் அவன் எப்படி அங்கே இருப்பான்? எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பயண விவரம் எல்லாம் மின்னஞ்சலில், ஒரே ஒரு தடவை. போனில் அவன் பார்த்த மனிதர்களைப் பற்றி மட்டும்தான் கேட்போம். போன வாரம் அவன் அத்தை நடுவில் புகுந்து "என்ன தம்பி, கோழி பிரியாணியா, மீன் தலைக் கறியா?" என்று ஆரம்பித்தார், நான் போனை வாங்கிக்கொண்டேன். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாங்கி விமான நிலையத்தில் அவனைப் பார்க்கும்போதும் அந்தப் பெயர்ப்பட்டை சட்டையில்தான் இருக்கும். ஊர் வந்து எங்கள் ஸ்டேக் தலைவர், அதாவது இங்கே பல சபைகளுக்குப் பொறுப்பானவர், விடுவிக்கும்வரை அவன் ஊழியக்காரன்தான். அதனால் பிரியாணியை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். பேச வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.