விரல் முன்னே, சத்தம் பின்னே: ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும் முன்

[மேசை மீது ஒரு மைக், பக்கத்தில் லேப்டாப். ஜன்னலுக்கு வெளியே பாம்பன் காற்றில் ஆடும் தென்னை.]

வணக்கம். ஹெட்போன் போட்டுக்கொண்டு இதைக் கேளுங்கள். மேசையை விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டுகிறேன்.

[டொக்... டொக்.]

தட்டியது ஒன்று, கேட்டது இரண்டு. முதல் சத்தம் கேமரா மைக்கில் நேராக விழுந்தது. இரண்டாவது, இந்த மைக் வழியாக இன்டர்ஃபேஸுக்குள், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிக்குள் போய், லேப்டாப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் லேட்டன்சி.

எங்கள் தெருவில் ஒரு தம்பி சர்ச் கொயருக்குக் கீபோர்டு வாசிக்கிறான். வீட்டிலேயே டிராக் போடலாம் என்று மிடி கீபோர்டை லேப்டாப்பில் செருகினான். எந்தக் கட்டையை அமுக்கினோம் என்று மட்டும் அது சொல்லும், சத்தத்தை லேப்டாப்தான் உண்டாக்கும். மறுநாளே வந்து நின்றான். "அண்ணே, கை முன்னாடி போகுது, சத்தம் பின்னாடி வருது. லேப்டாப்பு ரிப்பேரா?" போய்ப் பார்த்தால் காதில் புளூடூத் ஹெட்போன்! புளூடூத் மட்டுமே சுமார் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் தின்றுவிடும். பத்தாயிரம் ரூபாய்க்கு இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதை ஈடுகட்ட முடியாது. முதலில் ஒயர் வைத்த ஹெட்போனுக்கு மாறுங்கள்.

சரி, எவ்வளவு தாமதம் வரை தாங்கும்? கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்றுக்கும் இரண்டு கூட்டம், கடற்கரையில் தள்ளித் தள்ளி நிற்கும். இந்தக் கோடியில் ஒருவர் அம்பா பாட்டு எடுத்துக் கொடுத்தால், 35 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது பத்தில் ஒரு செகண்ட் பிந்தித்தான் கேட்கும். நம்மூர் வெக்கையில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் போகும் தூரம் சுமார் 35 சென்டிமீட்டர். ஆக, பத்து மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஸ்பீக்கரை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பது மாதிரி. பெரும்பாலான வாசிப்புக்கு அது தொந்தரவாக இருக்காது. இருபதைத் தாண்டினால் விரல் தடுமாறும்.

பாடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நம் குரல் மண்டை எலும்பு வழியாகவே நமக்குக் கேட்டுவிடுகிறது. அதே குரல் ஹெட்போனில் ஐந்தாறு மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் இரண்டும் கலந்து, குழாய்க்குள் பாடுவது போல ஒரு பொக்கைச் சத்தம் வரும்.

[திரையில்: மீன் கூடை, அதன் மேல் 128 என்ற எண்.]

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? வள்ளத்திலிருந்து மீனை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓட மாட்டோம். கூடை நிரம்பியதும் தூக்குவோம். லேப்டாப்பும் அப்படித்தான். அந்தக் கூடைக்குப் பெயர் பஃபர். மீனுக்குப் பெயர் சாம்பிள், ஒலியை அளந்து எடுத்த ஒரு சின்னத் துளி. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு செகண்டுக்கு 48,000 சாம்பிள் வருகிறது. 128 சாம்பிள் கூடை நிரம்ப 2.7 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே வர ஒரு கூடை, வெளியே போக ஒரு கூடை என்றால் 5.3. இன்டர்ஃபேஸுக்குள் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டரும், இன்டர்ஃபேஸையும் லேப்டாப்பையும் பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் ரகசியமாக வைத்துக்கொள்ளும் கூடுதல் கூடையும் இதற்கு மேல். பஃபரை 512 ஆக்கினால் போகவர மட்டும் 21 மில்லிசெகண்ட். சின்னக் கூடையே வைத்துக்கொள்ளலாமே என்றால், நடை கூடுகிறது. லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். சத்தம் நடுவில் பட் பட்டென்று வெடிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். அட்டைப்பெட்டியில் "லோ லேட்டன்சி", "192 கிலோஹெர்ட்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வந்ததும் 64-ல் வைத்தேன், பொரி பொரிந்தது. 128-லும் அதே கதை. 256-ல்தான் அடங்கியது. பெட்டியில் பொய் எதுவும் இல்லை. சாம்பிள் ரேட்டை ஏற்றினால் கூடை சீக்கிரம் நிரம்பும், தாமதம் குறையும், ஆனால் லேப்டாப்பின் சுமையும் கூடவே ஏறும். பெட்டியில் எழுதாமல் விட்ட விஷயம் டிரைவர்.

விண்டோஸில் வழக்கமான பாதையில் போனால், எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் கலந்து அனுப்பும் ஓர் அடுக்கைத் தாண்ட வேண்டும். அந்த அடுக்குக்குள் நுழையாமல் நேராகப் போக ஸ்டெயின்பெர்க் என்ற கம்பெனி 1997-ல் கொண்டுவந்த வழிதான் ஏஸியோ. கம்பெனி தன் கருவிக்கென்றே எழுதிய ஏஸியோ டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "ஏஸியோ4ஆல் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கைகாட்டினால், அது விண்டோஸ் டிரைவருக்கு மேல் போர்த்திய போர்வை. அவசரத்துக்கு உதவும், அதை நம்பிப் புதிதாக வாங்காதீர்கள். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கோர் ஆடியோ என்ற நல்ல ஒலிப்பாதை உள்ளேயே இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

[இன்டர்ஃபேஸின் முகப்பு, நெருக்கத்தில். விரல் ஒரு ஸ்விட்சைக் காட்டுகிறது.]

இந்த ஸ்விட்சைப் பாருங்கள், டைரக்ட் மானிட்டர். இதைப் போட்டால் உங்கள் குரல் லேப்டாப்புக்குப் போய்வராமல், இன்டர்ஃபேஸுக்குள்ளேயே திரும்பி நேராகக் காதுக்கு வந்துவிடும். தாமதம் இல்லை என்றே சொல்லலாம். பாட்டு மட்டும் பதிகிறவர் டிரைவரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, இந்த ஸ்விட்ச் போதும். மறக்காமல், பாட்டைப் பதியும் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரட்டையாகக் கேட்கும். எதிரொலி இல்லாமல் பாட வரவில்லை என்பவர்கள், மென்பொருளிலிருந்து ரிவெர்ப் சத்தத்தை மட்டும் தனியாக அனுப்பலாம். எதிரொலி கொஞ்சம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது.

ஆனால் மிடி கீபோர்டு வாசிக்கிறவருக்கும், கிட்டாரை மென்பொருள் ஆம்ப் வழியாகக் கேட்கிறவருக்கும் இந்த ஸ்விட்ச் உதவாது, ஏனென்றால் சத்தமே லேப்டாப்புக்குள்தான் பிறக்கிறது. காசை டிரைவரில் போட வேண்டியவர்கள் இவர்கள்தான்.

மாடல் சொல்லுங்கள் என்பீர்கள். இன்றைய விலையைச் சொன்னால் நாளைக்கு மாறிவிடும், வரிசை அவ்வளவாக மாறாது. கீழ்ப்படியில் பெரிங்கர் யூஎம்சி202ஹெச்டி: இரண்டு மைக் போடலாம், தனி ஏஸியோ டிரைவர் உண்டு. அதே கம்பெனியின் இன்னும் மலிவான யூஎம்சி22, பாட்டுக்குச் சரி, கீபோர்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அடுத்த படி ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, ஒரு மைக், ஒரு கிட்டார். அதற்கும் மேலே மோட்டு எம்2. 96 கிலோஹெர்ட்ஸில் 32 சாம்பிள் வைத்தால் போகவர 2.5 மில்லிசெகண்ட் என்று கம்பெனியே சொல்கிறது. கீபோர்டுதான் பிழைப்பு என்றால் இன்னும் இரண்டு மாதம் காசு சேர்த்து எம்2 வாங்குங்கள். கண்டென்சர் மைக் வைத்திருந்தால், கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் பவர் அவசியம், இந்த நான்கிலும் இருக்கிறது. பழைய ஃபயர்வயர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது ஆசைகாட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள். செருக லேப்டாப்பில் ஓட்டை இருக்காது.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள். ஆர்டிஎல் யூட்டிலிட்டி என்ற இலவச மென்பொருள் ஒரு துடிப்பை அனுப்பி, திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று அளந்து சொல்லும். சில டிரைவர்கள் தங்கள் தாமதத்தைக் குறைத்துச் சொல்லும். அப்படியானால் நீங்கள் பதிந்த டிராக் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் உட்காரும். நன்றாகத்தான் பாடினேன், ஏன் இழுக்கிறது என்று உங்களையே சந்தேகப்படுவீர்கள். அளந்ததற்கும் டிரைவர் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை ரீப்பர் போன்ற பதிவு மென்பொருளின் செட்டிங்கில் கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்புறம், நம்மூர் உப்புக்காற்று. இங்கே ஜாக்குகள் பச்சை பூத்துவிடும். வேலை முடிந்ததும் மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கிறேன். கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு. "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள், எர்த் சரியில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். கழற்றினால் லேப்டாப் சோம்பிவிடாமல் இருக்க, பவர் செட்டிங்கை முழு வேகத்தில் வையுங்கள். வைஃபையை அணையுங்கள். ஹப்பில் செருகாமல் நேராக யூஎஸ்பியில் செருகுங்கள். பதியும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. மிக்ஸில் யாரும் வாசிக்கவில்லையே, கூடை பெரிதாக இருந்தால் என்ன?

தம்பிக்கு என் பழைய இன்டர்ஃபேஸைத்தான் கொடுத்தேன், 256-ல் அடங்கிய அதேதான். மிடி வாசிப்புக்கு உள்ளே வரும் கூடை கிடையாது, வெளியே போகும் கூடை மட்டும். அதனால் அவனுக்கு அது தாங்குகிறது.

இப்போது மேசையில் இருக்கும் இந்த இன்டர்ஃபேஸின் பஃபரை 64-க்குக் கொண்டுவருகிறேன். மறுபடியும் ஒரே தட்டு.

[டொக்.]